டெஸ்டில் எந்த ஃபீல்டை விட்டுவிடலாம்? ஒரு பச்சைத் தேயிலை ரசீதை வைத்து

கோத்தகிரி, குன்னூர் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது அன்றாடம் நடப்பதுதான். சிறு விவசாயி கொண்டுவந்த பச்சைத் தேயிலையை எடை போட்டதும் ரசீது ஒன்று உருவாகிறது. அதற்கு டெஸ்ட் (கோட் சரியாக வேலை செய்கிறதா என்று தானாகச் சோதிக்கும் சிறு நிரல்) எழுதி, எதிர்பார்த்த ரசீதையும் கிடைத்த ரசீதையும் முழுசாக ஒப்பிட்டால் சிவப்பு காட்டுகிறது, அதாவது டெஸ்ட் தோற்கிறது. ரசீதின் ஃபீல்டுகளில், அதாவது அதிலுள்ள தனித்தனித் தகவல்களில், ஐடி வேறு, உருவான நேரம் வேறு. இரண்டையும் ஒப்பீட்டில் சேர்க்காதே என்று ஒரு வரி எழுதினால் பச்சையாகிவிடும். பெரும்பாலும் அந்த வரி சரியானதுதான். ஆனால் அதை எழுதுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியைப் பலர் கேட்பதில்லை: இந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது?

ரசீதையே எடுத்துக்கொள்வோம். மொத்த எடை 48 கிலோ. சாக்குக்கு 1 கிலோ கழித்தால் 47. மழை நாள், இலை ஈரம், அதற்கு 8 சதவீதம் கழிவு. நிகர எடை 43.24 கிலோ. இவற்றோடு விவசாயி எண், எடை போட்ட நேரம், சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம், கடைசியாகத் திருத்திய நேரம், டேட்டாபேஸ் தரும் ஐடி, பதிப்பு எண். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. எடை போடும் இடத்தில் போனில் பதிவாகி, சிக்னல் வந்த பிறகே சர்வருக்குப் போகும். அதனால்தான் ஒரே ரசீதில் மூன்று நேரங்கள்.

ஐடியையும் பதிப்பு எண்ணையும் டேட்டாபேஸ் தருகிறது. நம் கணக்கு சரியா தப்பா என்பதை அவை சொல்லப்போவதில்லை, அதனால் விட்டுவிடலாம். சர்வருக்கு வந்த நேரமும் இந்த டெஸ்டுக்குத் தேவையில்லை. எடை போட்ட நேரம் அப்படியல்ல. பெயரில் 'நேரம்' என்று இருப்பதால் மற்ற இரண்டோடு சேர்த்து அதையும் தள்ளிவிட்டால் பணம் தப்பாகப் போகும்.

எப்படி என்று பாருங்கள். நீலகிரியில் பச்சைத் தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதாமாதம் சராசரி விலை அறிவிக்கிறது. ரசீது எந்த மாதக் கணக்கில் விழுகிறதோ அந்த மாத விலை. ஜூன் 1-ம் தேதி நள்ளிரவு 12.20-க்கு லாரி இலை எடை போடப்படுகிறது என்று வையுங்கள். சர்வர் யுடிசி (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம்) நேரத்தில் ஓடினால் அங்கே மே 31, மாலை 6.50. அது மே மாதமா ஜூன் மாதமா என்பதைத் தொழிற்சாலையின் விதி முடிவு செய்ய வேண்டும். சர்வரின் நேர மண்டலம் முடிவு செய்யக்கூடாது. மாத விலைகளுக்கு இடையே கிலோவுக்கு 2 ரூபாய் வித்தியாசம் இருந்தால் இந்த ஒரு ரசீதில் மட்டும் 86 ரூபாய் 48 காசு மாறும். டெஸ்ட் மட்டும் பச்சையாகவே இருக்கும், ஏனென்றால் அந்த ஃபீல்டைப் பார்க்காதே என்று நாமே சொல்லிவிட்டோம்.

இந்தத் தவறு பெரும்பாலும் நுழைவது பேட்டர்ன் வழியாக. ஜாவாவில் டெஸ்ட் ஒப்பீட்டுக்குப் பயன்படும் லைப்ரரியான அசெர்ட்ஜேயில் பெயர்ப் பொருத்தம் வைத்து ஃபீல்டுகளை விலக்க 'இக்னோரிங்ஃபீல்ட்ஸ்மேட்சிங்ரெஜெக்சஸ்' இருக்கிறது. ஒரு வகையையே விலக்க 'இக்னோரிங்ஃபீல்ட்ஸ்ஆஃப்டைப்ஸ்' இருக்கிறது. நேர வகை முழுவதையும் விலக்கினால் இன்றைக்கு இருக்கும் மூன்று நேரங்களோடு, ஆறு மாதம் கழித்து வேறொருவர் சேர்க்கப்போகும் நான்காவதும் யாரும் கவனிக்காமலே விலகிவிடும். பெயர் சொல்லி, ஒவ்வொன்றாக விலக்குவதே நல்லது. டாட்நெட்டில் அதே வேலைக்கான ஃப்ளூயன்ட் அசர்ஷன்ஸில் 'எக்ஸ்க்ளூடிங்' உள்ளே லாம்ப்டா (ஃபீல்டை நேரடியாகச் சுட்டும் சிறு கோட்) கொடுக்கலாம். ஃபீல்டின் பெயர் மாறினால் கம்பைலரே சொல்லிவிடும். பெயரைச் சரமாக, அதாவது மேற்கோளுக்குள் வெறும் எழுத்தாக எழுதும் இடங்களில் அந்தப் பாதுகாப்பு இல்லை. பழைய பெயர் பட்டியலில் கிடந்து, பிறகு அதே பெயரில் வரும் புதிய ஃபீல்டையும் மறைத்துவிடும்.

அசெர்ட்ஜேயில் இன்னொன்றுக்கு மிகக் கவனம் தேவை: 'இக்னோரிங்ஆக்சுவல்நல்ஃபீல்ட்ஸ்'. கிடைத்த ஆப்ஜெக்டில் 'நல்' (null, மதிப்பே இல்லாத நிலை) ஆக இருக்கும் எல்லாவற்றையும் ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிடும். நிகர எடையை நிரப்பவே நம் கோட் மறந்திருந்தாலும் டெஸ்ட் பாஸ் ஆகும். பைதானில் 'மாக்.எனி' எதனோடு ஒப்பிட்டாலும் சமம் என்று சொல்லும், மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் 'நன்' (None) உட்பட. எடை போட்ட நேரத்துக்கு அதை வைத்தால், நேரமே பதிவாகாத ரசீதும் சரியான ரசீதாகிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்ட் கருவியான ஜெஸ்டில் 'எக்ஸ்பெக்ட்.எனி'க்குள் 'டேட்' கொடுத்தால் குறைந்தபட்சம் அது தேதியா என்று பார்க்கிறது. 'டுமேட்ச்ஆப்ஜெக்ட்' நாம் எழுதிய ஃபீல்டுகளை மட்டும்தான் பார்க்கும், கூடுதலாக வந்தவற்றைக் கண்டுகொள்ளாது. 'டுஈக்வல்' கூட மதிப்பு 'அன்டிஃபைன்ட்' ஆன ஃபீல்டுகளைப் பொருட்படுத்தாது. அதுவும் பிடிபட வேண்டுமென்றால் 'டுஸ்ட்ரிக்ட்ஈக்வல்' போடுங்கள்.

விலக்குவதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியது மதிப்பை நம் கட்டுக்குள் கொண்டுவருவது. கோடுக்குள் எங்கேயோ 'இப்போது மணி என்ன' என்று கேட்கும் இடம் இருக்கிறது. அந்தக் கடிகாரத்தை வெளியிலிருந்து கொடுங்கள். ஜாவாவில் 'கிளாக்.ஃபிக்ஸ்ட்', டாட்நெட் 8 முதல் 'டைம்ப்ரொவைடர்', பைதானில் 'ஃப்ரீஸ்கன்', ஜெஸ்டில் போலி டைமரோடு 'செட்சிஸ்டம்டைம்'. ஜூன் 1, 12.20 என்று கடிகாரத்தை நிறுத்திவிட்டால் நம் கோட் போடும் நேரங்களை விலக்க வேண்டாம். மேலே சொன்ன மாதக் கணக்குத் தவறும் அங்கேயே பிடிபடும். இதற்கு அரை நாள் வேலை ஆகலாம். செய்யத் தகுந்த வேலை.

கடிகாரத்தை நிறுத்த முடியாத இடத்தில் நெருக்கம் பார்க்கலாம்: இரண்டு நேரங்களுக்கும் இடையே 1 வினாடிக்குள் இருந்தால் போதும் என்று. புதிய ஜாவா பதிப்புகளில் லினக்ஸ் சர்வரில் நேரம் நேனோ வினாடி வரை வரும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மைக்ரோ வினாடிக்கு மேல் வைப்பதில்லை. சேமித்து, திரும்ப எடுத்து ஒப்பிட்டால் கடைசி மூன்று இலக்கம் காணாமல் போயிருக்கும். லேப்டாப்பில் பாஸ் ஆன டெஸ்ட் சிஐயில் (கோட் சேரும்போதெல்லாம் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சர்வரில்) விழுவதற்கு இது ஒரு காரணம். அதற்கு விலக்கு தேவையில்லை, சேமிக்கும் முன்பே மைக்ரோ வினாடிக்குக் குறைத்துவிட்டால் போதும். எடையும் அப்படித்தான். 0.1-ஐயும் 0.2-ஐயும் ஃப்ளோட்டில் (தசமத்தைத் தோராயமாக வைக்கும் எண் வகையில்) கூட்டினால் 0.30000000000000004 வரும். இதற்காக நிகர எடையை விலக்குவது பெரிய தவறு. பணம் சார்ந்த எண்ணை டெசிமல் வகையில் வையுங்கள். முடியாவிட்டால் பைதானில் பைடெஸ்ட் தரும் 'அப்ராக்ஸ்' போன்ற ஒன்றோடு 0.001 வரை இடம் கொடுத்து ஒப்பிடுங்கள்.

டெஸ்டுக்காக ஆப்ஜெக்டின் 'ஈக்வல்ஸ்' முறையையே (இரண்டு ஆப்ஜெக்டுகள் சமமா என்று சொல்லும் முறை) மாற்றி ஐடியையும் நேரங்களையும் அதிலிருந்து எடுத்துவிடும் வழக்கமும் இருக்கிறது. செய்யாதீர்கள். அந்த 'ஈக்வல்ஸ்' உண்மையான கணக்கிலும் ஓடுகிறது. ஒரே விவசாயி காலையிலும் மாலையிலும் 43.24 கிலோ கொடுத்திருந்தால், ரசீதுகளை ஒரு செட்டில் (சமமானவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும் தொகுப்பில்) போட்டதும் இரண்டில் ஒன்று காணாமல் போகும். பைதான் டேட்டாகிளாஸில் 'கம்பேர்' ஃபால்ஸ் போடுவதும் இதே விளைவைத் தரலாம். கிடைத்த ஐடியை எடுத்து எதிர்பார்த்த ஆப்ஜெக்டில் வைத்துவிட்டு ஒப்பிடுவது இன்னொரு பழக்கம். ஐடிக்கு அது தீங்கில்லை. நேரத்துக்கோ எடைக்கோ அப்படிச் செய்தால் அது தன்னையே தன்னோடு ஒப்பிடுவதுதான்.

வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு ரசீதில் நான்கு சாக்கு இருந்தால், வரிசையைச் சொல்லும் 'ஆர்டர் பை' இல்லாத டேட்டாபேஸ் குவெரி அவற்றை எந்த வரிசையிலும் தரலாம். ஃப்ளூயன்ட் அசர்ஷன்ஸ் தொகுப்பின் வரிசையைத் தானாகவே பொருட்படுத்தாது, அசெர்ட்ஜேயில் நாம் சொல்ல வேண்டும். அச்சிட்ட ரசீதில் சாக்கு வரிசை விவசாயிக்கு முக்கியமென்றால் 'வித்ஸ்ட்ரிக்ட்ஆர்டரிங்' சேருங்கள்.

விலக்கு வரி எழுதி முடித்த பிறகு ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. கோடுக்குப் போய் ஈரக் கழிவை 8-லிருந்து 9 ஆக்கி டெஸ்டை ஓட்டுங்கள், சிவப்பாக வேண்டும். அதைத் திரும்ப மாற்றிவிட்டு, எடை போட்ட நேரத்தை ஒரு நாள் தள்ளி ஓட்டுங்கள், அதுவும் சிவப்பாக வேண்டும். இரண்டில் எது பச்சையாக வந்தாலும் விலக்குப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பெயரையும் எடுத்துப் பார்த்து, எது அதை மறைக்கிறது என்று கண்டுபிடித்த பிறகே கமிட் செய்யுங்கள். பட்டியலில் மிஞ்சும் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அதன் மதிப்பை யார் தருகிறார்கள், எந்த டெஸ்ட் அதைத் தனியாகப் பார்க்கிறது என்று ஒரு வரிக் குறிப்பு எழுதிவையுங்கள்.