ஆவணப்படம்: சொல்லும் சான்றும்

பேச்சில் 'டாகுமெண்டரி' என்று வழங்குவதை எழுத்தில் 'ஆவணப்படம்' என்கிறோம். ஒன்று மற்றொன்றுக்கு நேராக நின்றாலும் இரண்டின் வேரும் வேறு. ஆங்கிலச் சொல்லின் அடியில் இருப்பது 'கற்பித்தல்' என்று பொருள்படும் 'டோகேரே' என்னும் லத்தீன் வினை. அதிலிருந்து பிறந்த 'டோகுமெண்டும்' என்னும் பெயர்ச்சொல் முதலில் பாடத்தையும் எச்சரிக்கையையும் குறித்து, பிறகே எழுத்துச் சான்றைக் குறிக்கலாயிற்று. பிரெஞ்சில் பயணப்படங்களுக்கு வழங்கிவந்த இப்பெயரை, 1926 பிப்ரவரியில், அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ஃபிளாஹர்ட்டியின் 'மோவானா' படத்துக்கு எழுதிய மதிப்புரையில் ஸ்காட்லாந்துத் திரைப்படக் கலைஞர் ஜான் கிரியர்சன் ஆங்கிலத்தில் எடுத்தாண்டார். அதன் பின்னரே அது ஒரு திரைப்பட வகையின் பெயராக நிலைத்தது.

தமிழ்ச் சொல்லின் பயணம் வேறு. 'மல்லல் ஆவணம்' என்று அகநானூறு (122) சொல்லும்போது அது வளமான கடைவீதி. விற்பனையும் உரிமை மாற்றமும் நிகழும் இடத்தின் பெயர் அவற்றை உறுதிசெய்யும் எழுத்துக்கும் ஆகிவந்தது என்று கொள்வது பொருத்தமாகவே தோன்றுகிறது. பெரியபுராணத்தில் அச்சொல் வழக்கு மன்றத்தில் நிற்கிறது. சுந்தரரைத் தம் அடிமை என்று வழக்காடவந்த முதியவரிடம் திருவெண்ணெய்நல்லூர் அவையினர், ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டச் சொல்கின்றனர். ஆட்சி என்பது வழிவழி வந்த அனுபவம். காட்சி என்பது கண்டவர் சாட்சியம். ஆவணம் என்பது எழுத்து. முதியவர் மூல ஓலையைக் காட்டுகிறார், அதுவும் பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படுகிறது. ஆகவே லத்தீன் வேர் பார்ப்பவரை மாணவராக்குகிறது என்றால், தமிழ்ச் சொல் அவரை அவையில் அமர்த்துகிறது.

இவ்வேறுபாடு துலங்குவதற்கு அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ராபர்ட் மேப்பிள்தார்ப் பற்றி 2016இல் வெளிவந்த ஆவணப்படத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆண்களின் நிர்வாணத்தையும் தன்பாலீர்ப்பு ஆண்களின் காம உலகையும் மலர்களைப் படமெடுத்த அதே நுட்பத்தோடு பதிவுசெய்த அவர், 1989 மார்ச்சில் எய்ட்ஸ் நோயால் 42 வயதில் இறந்தார். அவ்வாண்டே வாஷிங்டனின் கார்கரன் கலைக்கூடம் அவருடைய கண்காட்சியைக் கைவிட்டது. செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் அவர் படங்களைக் காட்டி, 'படங்களைப் பாருங்கள்' என்று செனட் அவையில் முழங்கினார். கண்டிக்கச் சொன்ன அந்தத் தொடரே பின்னாளில் ஆவணப்படத்தின் தலைப்பாயிற்று. 1990இல் சின்சினாட்டியில் காட்சிக்கு வைத்த 175 படங்களில் 7 படங்களுக்காக அருங்காட்சியகத்தின் மீதும் அதன் இயக்குநர் மீதும் ஆபாச வழக்குத் தொடரப்பட்டு, அக்டோபரில் நடுவர் குழு அருங்காட்சியகத்தையும் இயக்குநரையும் விடுவித்தது. மன்றத்தில் குற்றப்பொருளாக நின்ற படங்கள் திரையில் ஆவணமாக வருகின்றன. கலைஞரின் பழைய ஒலிப்பதிவுகளும் ஆவணமே. உடன்பிறந்தாரும் நண்பரும் பேசுவது அயலார் காட்சி.

இதே கலைஞரைப் பற்றி 2018இல் நடிகர்களைக் கொண்டு எடுத்த கதைப்படமும் உண்டு. அது 'வாழ்க்கை வரலாற்றுப் படம்'. முன்னதோ 'வாழ்க்கை வரலாற்று ஆவணப்படம்'. பெயர் நீளம் என்று 'ஆவண' என்பதை விட்டுவிட்டால், நடிப்பும் சான்றும் ஒன்றாகிவிடும். 'விவரணப்படம்' என்ற வழக்கும் உண்டு. பிழையில்லை, எனினும் விவரித்தல் எல்லாப் படங்களுக்கும் பொது. 'செய்திப்படம்' அன்றாட நிகழ்வைச் சொல்லும் குறும்பதிவுக்கே பொருந்தும்.

இத்தகைய படங்களைப் பற்றி எழுதுவோர் கலைஞரை 'ஓரினச்சேர்க்கையாளர்' என்று குறிப்பது இன்னும் மறையவில்லை. மனிதர் அனைவரும் ஓரினமே என்பதால் அச்சொல் எதையும் வேறுபடுத்துவதில்லை. மேலும் ஒருவருடைய ஈர்ப்பைச் செயலாகக் குறுக்குகிறது. ஆண்பால், பெண்பால் என்று இலக்கணம் வகுத்த 'பால்' கையில் இருக்க, 'தன்பாலீர்ப்பாளர்' என்பதே சரியான சொல்.