கதிர்வீச்சு சிகிச்சைக்கு முன் முதியவருக்கான நல மதிப்பீடு: எதைக் கேட்டுப் பெறலாம்?

65 வயதைத் தொட்ட புற்றுநோயாளிக்குச் சிகிச்சை தொடங்குமுன் முதியோர் நல மதிப்பீடு, அதாவது உடல், மனம், அன்றாட வாழ்க்கை ஆகியவற்றின் நிலையை அளந்து பார்ப்பது, செய்யப்பட வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கமான ஆஸ்கோ 2018இல் வழிகாட்டு நெறி வெளியிட்டது. 2023இல் அதைப் புதுப்பித்தது. கீமோதெரபி போன்ற மருந்து சிகிச்சைகளுக்காக எழுதப்பட்ட நெறி அது. ஆனால் வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள் கதிர்வீச்சுக்கு வந்துபோக வேண்டிய முதியவருக்கும் இந்த மதிப்பீடு அதே அளவு அவசியம். இது சட்டமல்ல, மருத்துவப் பரிந்துரை. கூட்டம் மிகுந்த சிகிச்சைப் பிரிவில் எளிதில் விடுபட்டுப் போகும். ஆகவே நோயாளியோ குடும்பத்தாரோ வாய்விட்டுக் கேட்பது நல்லது.

முதற்படி 'ஜி8' என்னும் சிறு வினாத்தாள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். கடந்த மூன்று மாதங்களில் சாப்பாடு குறைந்ததா, எடை இறங்கியதா, எழுந்து நடமாட முடிகிறதா, நினைவாற்றலும் மனநிலையும் எப்படி, உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, தினமும் மூன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் உண்டா, தம் வயதொத்தவர்களோடு ஒப்பிட்டால் தம் உடல்நலம் எப்படியென்று நினைக்கிறார், வயது என்ன என எட்டே கேள்விகள். மொத்தம் 17 மதிப்பெண். 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் முழு மதிப்பீடு தேவை. குறைந்த மதிப்பெண் வந்ததென்றால் சிகிச்சை கிடையாது என்று பொருளல்ல. பலர் இதற்குப் பயந்தே உண்மையைக் குறைத்துச் சொல்கிறார்கள். அது நோயாளிக்குத்தான் கேடு.

முழு மதிப்பீட்டில் குளிப்பது, உடுத்துவது, பணத்தைக் கையாள்வது, அண்மையில் கீழே விழுந்தது, பிற நோய்கள், மனச்சோர்வு, வீட்டில் துணை யார் என ஒவ்வொன்றும் பார்க்கப்படும். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று அளப்பார்கள். கடிகார முகத்தை வரையச் சொல்வார்கள். சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வாய்மொழியாகச் சொல்லும்போது ஒன்றிரண்டு விட்டுப்போகும்.

கதிர்வீச்சுக்கென்றே சில கேள்விகள் உண்டு. பொதுவான படிவங்களில் இவை இருப்பதில்லை என்பதால் நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். கடினமான மேசையில் அசையாமல் மல்லாந்து படுக்க முதுகு இடம் கொடுக்குமா? தோளுக்கு மேல் கையைத் தூக்கி வைத்திருக்க முடியுமா? சிகிச்சை நேரத்தில் அறைக்குள் நோயாளி தனியாக இருப்பார். ஊழியர்கள் வெளியிலிருந்து ஒலிபெருக்கியில் பேசுவார்கள். தலை, கழுத்துப் பகுதிக்கு முகமூடி பொருத்தினால் காதுக்கருவியைக் கழற்ற நேரிடும். காது கேளாதவருக்கு அந்தக் குரல் எட்டாது. கையசைவில் ஒரு சைகையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் பதற்றம் பாதி குறையும். புராஸ்டேட் சிகிச்சைக்குப் பெரும்பாலும் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும் என்பார்கள். சிறுநீரை அடக்க முடியாதவர் கூச்சப்படாமல் அதைச் சொல்லிவிட வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். இவையெல்லாம் கதிர்வீச்சைத் திட்டமிட எடுக்கும் ஸ்கேனுக்கு முன்பே தெரிந்தால்தான் பயன்.

மதிப்பீட்டால் என்ன மாறும்? மருந்து சிகிச்சை பெற்ற 70 வயதுக்கு மேற்பட்ட 718 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. மதிப்பீட்டு முடிவும் பரிந்துரைகளும் மருத்துவர் கைக்குப் போன பிரிவில் 51 சதவீதத்தினருக்கே கடும் பக்கவிளைவு ஏற்பட்டது. மற்றப் பிரிவில் அது 71 சதவீதம். கதிர்வீச்சிலும் மாற்ற இடமுண்டு. சில புற்றுநோய்களுக்குக் குறைந்த தவணைகளில், அதாவது குறைந்த முறை கதிர்வீச்சு கொடுத்து, முடிக்கும் வழி இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு ஐந்தே தவணை சிலருக்குப் போதும். கிளையோபிளாஸ்டோமா என்னும் மூளைக்கட்டிக்கு முதியவர்களுக்குக் குறுகிய கால சிகிச்சை வழக்கத்தில் உள்ளது. உங்கள் நோய்க்கு அது பொருந்துமா என்று கேளுங்கள். சத்துணவு ஆலோசகர், பிசியோதெரபிஸ்ட், போக்குவரத்து ஏற்பாடு ஆகியவற்றையும் மதிப்பீட்டின் அடிப்படையில் கேட்கலாம். குறையைக் கண்டுபிடித்து ஃபைலில் எழுதி மூடி வைத்தால் ஒரு பயனும் இல்லை.

ஒருமுறை செய்தால் போதாது. முதல் வாரம் தெம்பாக வந்தவர் மூன்றாம் வாரம் விழுங்க முடியாமல் திணறலாம். வாரந்தோறும் எடை பார்க்கச் சொல்லுங்கள். வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, தோல் எரிச்சல் போன்றவை கடைசித் தவணை முடிந்து ஓரிரு வாரம் வரைகூட அதிகரிக்கக்கூடும். அந்த நாட்களில் யாரை அழைப்பது, அடுத்த பரிசோதனை எப்போது என்பதைச் சிகிச்சை முடிவதற்குள் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.