பாஸ்கெட்பால் ஆட்டத்தை முடிக்கிற 'ஈலம் எண்டிங்'னா என்ன, தமிழ்ல எப்படி சொல்றது?

முதல்ல உச்சரிப்பு. ஈலம், ஏலம் இல்ல. ஏலம் எண்டிங்னு எழுதினா நம்மாளுங்க ஐபிஎல் ஏலமான்னு கேப்பாங்க. இது ஒரு ஆளோட பேரு, நிக் ஈலம், அமெரிக்காவுல பால் ஸ்டேட் யுனிவர்சிட்டி பேராசிரியர்.

பாஸ்கெட்பால்ல கடைசி ரெண்டு நிமிஷம் பாத்தவங்களுக்கு அவரோட கடுப்பு புரியும். பின்தங்கின டீம் வேணும்னே ஃபவுல் பண்ணும், கடிகாரம் நிக்கும், எதிராளிக்கு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காம போடுற ஷாட், விழுந்தா ஒரு புள்ளி), அது தவறினா பந்து நமக்கு வரும்னு மறுபடி ஃபவுல், நடுவுல டைம் அவுட்னு ஜவ்வா இழுக்கும். அமெரிக்க காலேஜ் ஆண்கள் ஆட்டத்துல இதுக்கு ஆசை இன்னும் ஜாஸ்தி, ஏன்னா ஒரு பாதியில ஒரு டீம் பண்ற ஏழாவது ஃபவுல்லேந்து எதிராளிக்கு முதல் த்ரோ விழுந்தாதான் ரெண்டாவது கிடைக்கும் (பத்தாவதுலேந்து ரெண்டும் நிச்சயம்). 1983 காலேஜ் சாம்பியன்ஷிப் ஃபைனல்ல நார்த் கரோலினா ஸ்டேட் இதை வச்சுத்தான் ஹூஸ்டனை கவுத்துச்சு: ஸ்கோர் 52-52, ஃபவுல் பண்ணாங்க, ஹூஸ்டன் ஆளு முதல் த்ரோவையே விட்டுட்டாரு, கடைசியில 54-52.

ஈலம் சொன்ன வழி என்னன்னா, கடைசி நாலு நிமிஷத்துக்குள்ள ஆட்டம் முதல்ல எப்ப நிக்குதோ அப்பவே கடிகாரத்தை ஆஃப் பண்ணிட்டு முன்னாடி இருக்கிற டீமோட ஸ்கோர்ல 8 கூட்டணும். 70-64னா இலக்கு 78, முதல்ல தொடுறவங்க ஜெயிச்சாங்க. பின்தங்கினவன் ஃபவுல் பண்ணா எதிராளிக்கு இலக்கை நோக்கி ஓசியா புள்ளி குடுக்கிறான், அவ்வளவுதான். டிபிடிங்கிற (தி பாஸ்கெட்பால் டோர்னமென்ட்) அமெரிக்க கோடைகாலப் போட்டியில 2018லேந்து எல்லா ஆட்டமும் இந்த ஈலம் முறையிலதான். அமெரிக்காவோட பெரிய லீக்கான என்பிஏ 2020ல நடத்துன ஆல் ஸ்டார் ஆட்டத்துல (நட்சத்திர வீரர்கள் மோதுற காட்சி ஆட்டம்), மறைந்த வீரர் கோபி பிரையன்ட் நினைவா 8க்கு பதிலா அவரோட ஜெர்சி நம்பர் 24ஐ கூட்டி இலக்கை 157னு வச்சாங்க, ஆட்டம் 157-155.

தமிழ்ல 'ஈலம் முடிவு'ன்னு சொன்னா ஆட்டத்தோட ரிசல்ட் மாதிரி கேக்குது. 'இலக்கு முடிப்பு' நல்லா இருக்கு. இலக்குங்கிற வார்த்தை கிரிக்கெட் பாக்குற எல்லாருக்கும் பழக்கம், 180 ரன் இலக்குன்னா யாரும் விளக்கம் கேக்க மாட்டாங்க.

காலேஜுக்கு இது வேணுமாங்கிறதுல ரெண்டு கட்சி. வேணாங்கிறவங்க 2016 காலேஜ் ஃபைனலைக் காட்டுவாங்க, நேரம் முடியுற நொடியில கிரிஸ் ஜென்கின்ஸ் போட்ட மூணு புள்ளி ஷாட்டுல வில்லனோவா 77-74 ஜெயிச்சது, கடிகாரம் இல்லாம அந்த த்ரில் ஏதுன்னு. ஞாயமான கேள்விதான். அதோட அந்த 2020 ஆல் ஸ்டார் முடிஞ்சதே ஆன்டனி டேவிஸோட ஃப்ரீ த்ரோவுல, ஃபவுலை ஒழிக்க வந்த ரூலுக்கு அந்த கதி! என்னைக் கேட்டா ஜி லீக் (என்பிஏவோட இளம் வீரர்கள் லீக்) மாதிரி ஓவர்டைம்ல மட்டும், முதல்ல 7 புள்ளி எடுக்கிறவங்க ஜெயிச்சாங்கன்னு வச்சு ஒரு சீசன் ஓட்டிப் பாக்கலாம், மெயின் ஆட்டத்துல இப்போதைக்கு கை வைக்க வேணாம்.