வெப்ப இறைப்பி

ரொறன்ரோவில் இருக்கும் மருமகன், தன் வீட்டில் பூட்டப்போகும் சாதனத்தின் தமிழ்க் கையேட்டை அனுப்பி, "மாமா, இதை ஆங்கிலத்தில் வாசித்தால்தான் விளங்குகிறது" என்றான். தலைப்பு: "பல புவிவெப்ப வெப்ப விசையியக்கக் குழாய்களால் உள்நாட்டு நீரைச் சூடாக்குதல்." நான் உரக்க வாசித்ததைக் கேட்டுக்கொண்டிருந்த நண்பர், கிளிநொச்சியில் இறைப்பு மிசின் திருத்துபவர், "எத்தனை அங்குலக் குழாய்?" என்று கேட்டார். அவர்மேல் பிழையில்லை.

தலைப்பில் 'விசையியக்கக் குழாய்' என்று வந்திருப்பது ஆங்கிலத்தின் பம்ப். அது டச்சுப் பக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். நீரை இழுக்கும் ஓசையிலிருந்து பிறந்திருக்கலாம் என்பார்கள். நம் பாடநூல்கள் அதைப் 'பம்பி' ஆக்கின. வெப்பத்தையும் இப்படி இடம் மாற்றலாம் என்று கெல்வின் பிரபு 1852இல் விளக்கினார். வரலாறு இவ்வளவு போதும்.

என் வழக்கு 'விசையியக்கக் குழாய்' மீது. குழாய் என்றால் உள்ளே ஏதோ ஓடும், அது தானாக எதையும் செய்யாது. வன்னியில் குழாய்க்கிணறு தோண்டுகிறோம், குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம். மிசினை யாரும் குழாய் என்பதில்லை. இந்தச் சாதனத்திலோ உண்மையான குழாய்களே நூற்றுக்கணக்கான மீற்றர் நீளத்துக்கு மண்ணுக்குள் கிடக்கின்றன. அதனால்தான் கையேட்டின் நான்காம் பக்கத்தில் "விசையியக்கக் குழாயைக் குழாயுடன் பொருத்துக" என்று வருகிறது. எதை எதனுடன்?

'எக்கி' என்பாரும் உண்டு. பழைய சொல், அழகான சொல். ஆனால் எங்கள் காதில் எக்குவது என்றால் வயிற்றை எக்குவது, அல்லது மதிலுக்கு மேலால் எக்கிப் பார்ப்பது. 'பம்பி' விளங்கும், கடன்சொல் என்பதற்காக நான் அதை விரட்டமாட்டேன். என்றாலும் துலா மிதித்த ஊரில் 'இறைப்பு' என்ற சொல் இருக்கிறதே! தாழ்வில் கிடப்பதை அள்ளி மேட்டில் ஊற்றுவது இறைப்பு. இந்த மிசினும் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இறைக்கிறது. மண்ணிலிருந்து வெப்பத்தை வாங்கி ஆவியாகும் குளிரூட்டித் திரவத்தை அமுக்கிச் சூடேற்றி, அந்தச் சூட்டை வீட்டுக்குள் விடுகிறது. ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று, நான்கு அலகு வெப்பம் கிடைப்பது அதனால்தான். ஆகவே வெப்ப இறைப்பி.

'புவிவெப்பம்' என்றதும் திருகோணமலைக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. கனடாவில் அவன் வீட்டு முற்றத்தின் அடிமண் 10 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கும். மேல்மண்ணில் தேங்குவது பெரும்பாலும் வெயில் தந்த சூடு. மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றினால் உடம்புக்கு வெதுவெதுப்பாக இருக்குமே, அந்தச் சூடு மாறாத மண்ணைத்தான் இந்த மிசின் நம்பியிருக்கிறது. ஆகவே நிலவெப்ப இறைப்பி.

'உள்நாட்டு நீர்' பற்றி என்ன சொல்ல! ஆங்கிலத்தில் வீட்டுக்கும் உள்நாட்டுக்கும் ஒரே சொல் என்பதால், குளியலறைத் தண்ணீருக்குக் குடியுரிமை கொடுத்துவிட்டார் மொழிபெயர்ப்பாளர். எழுதியதை ஒருமுறை வாய்விட்டு வாசித்திருந்தால் அவருக்கே சிரிப்பு வந்திருக்கும். இப்போதெல்லாம் மருந்துப் பெட்டியிலிருந்து வங்கிப் படிவம் வரை இதே கதை.

நான் மருமகனுக்கு எழுதி அனுப்பியது (கையேட்டின் 'பல' என்பது அங்கே இரண்டுதான்): "இரண்டு நிலவெப்ப இறைப்பிகளால் வீட்டுக்குச் சுடுதண்ணீர்." குளிரூட்டியை அமுக்கும் பகுதியான அமுக்கியிலிருந்து கொதிப்பாக வெளிவரும் வாயுவின் மிகைச் சூட்டை இரண்டு மிசினிலும் ஒரு சிறு வெப்பமாற்றி பிடித்துக்கொள்ளும், இரண்டும் ஒரே முன்தொட்டித் தண்ணீரைச் சூடாக்கும், அங்கிருந்து அது வழக்கமான சுடுநீர்த் தொட்டிக்குப் போகும். இதை நண்பருக்கும் வாசித்துக் காட்டினேன்.

"மண்ணிலிருந்து சூடு இறைக்கிற மிசினா? எத்தனை குதிரைவலு?" என்றார்.