கம்பியைத் தொடாத திருகாணி

பழைய சேத்தக் ஸ்கூட்டரின் கிளட்ச் லீவரை அழுத்துகிறீர்கள். வழக்கமான கனம் இல்லை. லீவர் தொளதொளவென்று கைப்பிடி வரை வந்துவிடுகிறது. கேபிள் அறுந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். குனிந்து பார்த்தால் கம்பி முழுசாக இருக்கிறது. போன மழைக்காலத்தில் என் வண்டிக்கு இப்படித்தான் ஆனது. உடைந்திருந்தது இன்ஜினுக்கு அடியில் இருந்து கேபிளின் தொய்வைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு திருகாணி.

அந்தத் திருகாணி கம்பியைப் பிடித்திருக்கவே இல்லை. அதன் நடுவில் உள்ள துளை வழியாகக் கம்பி போய்வருகிறது, அவ்வளவுதான். அப்படியிருக்க, அது உடைந்தால் கிளட்ச் ஏன் வேலை செய்யாமல் போக வேண்டும்?

வெஸ்பா ஸ்கூட்டரை 1946-இல் இத்தாலியில் பியாஜியோ நிறுவனம் வெளியிட்டது. அதை வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். அவர் இன்ஜினைப் பின்சக்கரத்தோடு சேர்த்து வைத்து, கியரையும் கிளட்சையும் ஹேண்டில் பாரின் இடது பக்கம் கொடுத்தார். 1972-இல் வந்த நம் சேத்தக்கும் அதே குடும்பம். கை இருப்பது முன்னால், கிளட்ச் இருப்பது பின்னால். நடுவில் ஹேண்டில் பார் இடமும் வலமும் திரும்புகிறது. இன்ஜினோ சஸ்பென்ஷனோடு மேலும் கீழும் ஆடுகிறது. இதற்குள் ஓர் இரும்புத் தண்டை விட்டு இழுக்க முடியாது.

இதற்கு விடை 1896-இலேயே இங்கிலாந்தில் வந்துவிட்டது. எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பில் இரண்டு பாகங்கள். உள்ளே இழுவிசையைத் தாங்கும் முறுக்குக் கம்பி, அதாவது இன்னர். வெளியே நெருக்கிச் சுற்றிய சுருள் உறை, அதாவது அவுட்டர். நம் கண்ணும் கவனமும் இன்னரிலேயே இருக்கும். பாதி வேலையைச் செய்வது அவுட்டர்.

பழைய சைக்கிள் பிரேக் கேபிள் ஒன்று கிடைத்தால் செய்து பாருங்கள். வளைத்து வைத்த கேபிளில் இன்னரின் ஒரு முனையை எதிலாவது கட்டிவிட்டு மறுமுனையை இழுங்கள். அவுட்டரின் இரு முனைகளையும் யாராவது அசையாமல் பிடித்திருந்தால்தான் இழுப்பு அந்தப் பக்கம் போய்ச் சேரும். விட்டுவிட்டால் உறை நகர்ந்து நிமிரப் பார்க்கும். உங்கள் இழுப்பு அதிலேயே தீர்ந்துபோகும். கம்பியில் 30 கிலோ இழுவிசை இருந்தால், உராய்வை ஒதுக்கிவிட்டுப் பார்க்கும்போது, உறையிலும் 30 கிலோ அமுக்குவிசை உண்டு. அந்த அமுக்கைத் தாங்கி நிற்பதற்கு இன்ஜின் பக்கம் இருக்கும் ஒரே ஆள் அட்ஜஸ்டர். அது முறிந்ததும் உறைக்குச் சாய்மானம் போய்விடுகிறது.

டைட் வைப்பதும் இதே கணக்குதான். அட்ஜஸ்டரை வெளியே திருகினால் கம்பி சுருங்குவதில்லை. உறை போக வேண்டிய பாதை நீள்கிறது. மரையின் இடைவெளி 1 மி.மீ. என்றால், ஒரு முழுச் சுற்றுக்கு 1 மி.மீ. தொய்வு குறையும். உறைக்கும் அதன் இருக்கைக்கும் நடுவில் இரண்டு வாஷர் கோத்தாலும் இதே பலன் கிடைக்கும்.

சரி, அது ஏன் முறிகிறது? நேர் அமுக்கில் எஃகு அவ்வளவு எளிதில் உடையாது. கம்பி போக நடுவில் துளை வேண்டும் என்பதால் அட்ஜஸ்டருக்குச் சதை குறைவு. வெளியே வெட்டிய மரையின் பள்ளங்கள் அதை இன்னும் மெலியவைக்கின்றன. கேபிள் கோணலாக வந்து உட்கார்ந்தால், ஒவ்வொரு முறை கிளட்ச் பிடிக்கும்போதும் அந்த மெல்லிய கழுத்து கொஞ்சம் வளைந்து நிமிரும். நகரத்து நெரிசலில் ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை என்று எண்ணிப் பாருங்கள். உலோகச் சோர்வு மரைப் பள்ளத்தில் ஒரு விரிசலாகத் தொடங்கும். அதற்கு மேல், அட்ஜஸ்டர் நகராமல் பூட்டும் லாக் நட்டை முழுப் பலத்தோடு முறுக்கினால் அந்தக் கழுத்தையே பிடித்து இழுப்பதாகிவிடும். என் வண்டியில் முறிந்தது லாக் நட்டுக்குச் சரியாகக் கீழே.

முறிந்த திருகாணியில் பாதி உள்ளேயே மாட்டிக்கொண்டது. இன்ஜினின் வெளிக்கூடான கேஸிங் அலுமினியம், திருகாணி எஃகு, சக்கரம் வாரி அடிக்கும் சேற்றுத் தண்ணீர். இரண்டு வேறு உலோகங்களும் ஈரமும் சேர்ந்தால் ஒரு சின்ன மின்கலம்தான். அதில் அரிக்கப்படுவது அலுமினியம். அரிப்பில் உண்டாகும் வெள்ளைப் பொடி மூல உலோகத்தைவிட அதிக இடம் பிடிப்பதால், மரைக்குள் ஆப்பு அடித்தது போல் இறுகிவிடும்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. திருகாணியைப் பலவீனமாக்கிய அதே துளைதான் அதை வெளியே எடுக்கவும் வழி விடுகிறது. மற்ற உடைந்த போல்ட்டுகளில் நடு மையம் பார்த்துத் துளை போடுவதற்குள் உயிர் போய்விடும். இதில் துளை தயாராகவே இருக்கிறது. மரை இறுக்கம் விடுவிக்கும் எண்ணெயை ஓர் இரவு ஊறவிட்டு, கேபிளைக் கழற்றிவிட்டு, ஹீட் கன்னால் கேஸிங்கைச் சூடாக்க வேண்டும். ஒரே சூட்டுக்கு எஃகைப் போல் சுமார் இரண்டு மடங்கு அலுமினியம் விரியும். கேஸிங்கின் மரைத் துளை கொஞ்சம் அகலும். அந்த நேரத்தில் உடைந்த திருகாணியைக் கழற்றும் கருவியான, இடது மரை வெட்டிய ஈஸி அவுட்டைத் திருகாணியின் துளைக்குள் விட்டு, அவசரப்படாமல் திருப்ப வேண்டும். தீச்சுடர் மட்டும் வேண்டாம். பெட்ரோல் டேங்க் மேலேயே இருக்கிறது.

கேஸிங்கின் மரை போயிருந்தால் ஹெலிகாயில் என்னும் கம்பிச் சுருள் மரையைப் போட்டுக்கொள்ளலாம். மரை இருக்கும் காது போன்ற புடைப்பே உடைந்திருந்தால், எண்ணெய்ப் பிசுக்கு முழுவதும் போகக் கழுவி ஆர்கான் வெல்டிங் வைத்து, புதிதாக மரை வெட்ட வேண்டும். இரண்டு கலவைப் பசையைப் பூசி ஒட்டுவதை நான் நம்பமாட்டேன். இழுத்து விடும் விசை அந்த இடத்தை விடாமல் அசைத்துக்கொண்டே இருக்கும்.

புது அட்ஜஸ்டரின் மரையில் கிரீஸ் தடவி, கிட்டத்தட்ட முழுவதும் உள்ளே திருகி வையுங்கள். கம்பியைக் குறடால் இழுத்து, அதன் முனையைப் பிடிக்கும் நிப்பிளில் இறுக்கியபின், மிச்சத் தொய்வை அட்ஜஸ்டரால் எடுங்கள். லீவரில் சுமார் 2 மி.மீ. வெற்றாட்டம், அதாவது கிளட்ச் பிடிப்பதற்கு முன் சும்மா நகரும் தூரம், இருக்கட்டும். அதுகூட இல்லையென்றால் கிளட்ச் வழுக்கும்: இன்ஜின் கத்தும், வண்டி நகராது. அதிகமானால் பிளேட்டுகள் முழுதாகப் பிரியாது. கியர் கரகரக்கும், நியூட்ரல் விழாது. லாக் நட்டுக்குச் சின்ன ஸ்பேனரில் ஒரு பிடி போதும். ஹேண்டில் பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஆட்டம் மாறவில்லை என்று பார்த்துவிடுங்கள்.

அதற்குப் பிறகும் அந்த 2 மி.மீ. மேல் ஒரு கண் இருக்க வேண்டும். உறை அமுங்கி உட்கார உட்கார ஆட்டம் கூடும், அது இயல்பு. கிளட்ச் பிளேட் தேய்ந்தாலோ ஆட்டம் குறையும், ஏனென்றால் தேய்மானத்தை ஈடுகட்ட ஸ்பிரிங்குகள் பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் தட்டை வெளிப்பக்கம், விடுவிக்கும் பொறியை நோக்கித் தள்ளுகின்றன. யாரும் தொடாமலே லீவர் இறுகிக்கொண்டு வந்தால், அட்ஜஸ்டரை விட்டுவிட்டுக் கிளட்ச் கவரைத் திறந்து பிளேட்டைப் பாருங்கள்.