மழைக்காலத்துல குதிரைக் காலு ஏன் வெடிச்சுப் புண்ணாகுது?

ஆனி பொறந்து பாலக்காட்டுக் கணவாய் வழியா சாரக்காத்து அடிக்க ஆரம்பிச்சுட்டா எங்க மீனாட்சிபுரம் பக்கம் மண்ணு காயவே காயாது. பெரியப்பா ரேக்ளாவுக்கு வச்சிருக்கற பெட்டைக் குதிரைக்குப் பின்னங்காலு ரெண்டும் குளம்புக்கு மேல வெள்ளை, போன ஆடியில அந்த வெள்ளைக்காலு மட்டும் குதிகால் பள்ளத்துல பொருக்குத் தட்டி, தொட்டாலே காலைத் தூக்குச்சு. "சேத்துப்புண்ணு தான் கண்ணு, பொருக்கைப் பேத்து எடுத்துட்டு ஆயில் தடவுனா சரியாப்போயிரும்"னாரு. பேத்து எடுக்கறது, ஆயில் தடவறது ரெண்டுமே தப்புங்க, ஏன்னு சொல்றேன்.

தோலோட மேல் அடுக்குங்கறது செத்த செல்லுகளை நெருக்கமா அடுக்கி இடையில கொழுப்பு பூசின சுவரு மாதிரி. நாளெல்லாம் சகதியும் மூத்திரமும் ஊறுனா அந்தச் சுவரு உப்பி இளகிரும். துணி தொவைக்கறவங்க விரலு ஊறிச் சுருங்குமில்ல, அந்தத் தோலை மணல் வச்சுத் தேச்சா என்னாகும், அதுதான் இங்கயும். குதிகால் பள்ளம் ஒவ்வொரு அடிக்கும் மடங்கி விரியற எடம் வேற, அதனால மொதல்ல வெடிக்கறது அங்கதான். வெள்ளை முடிக்குக் கீழ இருக்கற ரோஸ் தோலு கருந்தோலை விடச் சீக்கிரம் பாதிக்கப்படுது.

வெடிச்ச எடத்துல அடிக்கடி நுழையற பாக்டீரியா டெர்மட்டோபிலஸ் காங்கோலென்சிஸ். 1915-ல பெல்ஜியன் காங்கோவுல மாட்டுத் தோல்ல கண்டுபிடிச்சாங்க. காஞ்ச பொருக்குக்குள்ள இது மாசக்கணக்கா சும்மா கெடக்கும், ஈரம் பட்டதும் வாலு வச்ச வித்துகளா வெளிய வந்து நீந்தும், தோல்ல இருந்து கசியற கார்பன் டை ஆக்ஸைடை மோப்பம் பிடிச்ச மாதிரி தேடிப்போய் மேல் தோலுக்குள்ள வேர் விடும். உடம்பு விடுமா, வெள்ளையணுவை அனுப்பிச் சீழ் கட்டி அதுக்குக் கீழ புதுத்தோலை வளக்கும், கிருமி அந்தப் புதுத்தோலையும் புடிக்கும், மறுபடி சீழ், மறுபடி தோலு, இப்படி அடுக்கு மேல அடுக்கா ஏறுறதுதான் அந்தத் தடிச்ச பொருக்கு. தானா கழண்டு விழுந்த ஒண்ணை எடுத்துத் திருப்பிப் பாத்தேன், அடியில ஈரமா மஞ்சச் சீழு, முடியெல்லாம் கத்தையா ஒட்டி நாத்துமுடியைப் புடுங்குன மாதிரி இருந்துச்சு.

காத்து இல்லாட்டியும் இந்தக் கிருமி தாக்குப்பிடிக்கும், அதனால ஈரக்கால்ல வண்டி ஆயிலோ க்ரீஸோ தடவுனா ஈரத்தை உள்ள வச்சு மூடி அதுக்கு நாமளே வீடு கட்டித் தர்றோம். காஞ்ச பொருக்கை வலிச்சுப் பேத்தா நல்ல தோலும் கிழிஞ்சு கிருமிக்குப் புது வாசல் தெறக்குது, வலியில உதையும் விழும், பாவம் வாயில்லாத ஜீவன்.

செய்ய வேண்டியது முடியை ஒட்ட வெட்டிட்டு, 2-லருந்து 4 சதவீத குளோர்ஹெக்ஸிடின் கழுவற மருந்தை நுரைக்க விட்டு 10 நிமிஷம் அப்படியே வைக்கணும், உடனே கழுவுனா பிரயோஜனமில்ல. ஊறி இளகுன பொருக்கு மட்டும் தானா கையோட வரும், வராததை விட்ரணும். அலசிட்டுத் துண்டால ஒத்தி ஒத்தி, குதிகால் மடிப்பு வரைக்கும் காய வைக்கணும், என்னைக் கேட்டா மருந்தை விட இதுதான் முக்கியம். கட்டற எடம் மேடா, காஞ்ச வைக்கோல் போட்டிருக்கணும். விழுந்த பொருக்கைக் கூட்டி எரிச்சிருங்க, கையில உறை போடுங்க, இது மனுசனுக்கும் எப்பவாச்சும் தொத்தும்.

முழங்காலுக்குக் கீழ குதிரைக்குச் சதை கெடையாது, தசைநாரும் எலும்பும் தோலும்தான், ரத்தத்தை மேல ஏத்தறதே குளம்பு தரையில அமுங்கி எழும்பறதுதான், அதான் கட்டியே போட்டா காலு வீங்குது. காஞ்ச தரையில மெதுவா நடக்க விடலாம். ஆனா காலு முழுக்க சூடா வீங்கி, நொண்டி, காய்ச்சலும் வந்தா கிருமி ஆழமாப் போயிருச்சுன்னு அர்த்தம், அன்னைக்கே டாக்டரைக் கூப்பிடணும். ராத்திரியெல்லாம் காலைத் தட்டி அரிச்சா சிலந்திப்பேன் மாதிரி கண்ணுக்குத் தெரியாத பூச்சியா இருக்கலாம், படர்தாமரையாவும் இருக்கலாம், தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்புல பாத்தாத்தான் தெரியும். டெர்மட்டோபிலஸ்னா அதுல தண்டவாளம் மாதிரி ரெட்டை வரிசையா உருண்டை உருண்டையா நிக்கும்.

பெரியப்பா குதிரைக்கு லாயத்துத் தரையில செங்கல் ஜல்லி கொட்டி ஒரு அடி ஒசத்துனோம். மூணாவது வாரம் துண்டோட கீழ உக்காந்தா அதுவே காலைத் தளர்த்திக் குடுத்துச்சு.