நீர் பாய்ச்சக் கற்றுத்தந்தவர்களின் வயலில் பூத்த உப்பு

யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகளுக்கு இடையே வாழ்ந்த சுமேரியர் உலகுக்கு அளித்தவை என்றால், களிமண் பலகையில் பதித்த ஆப்பெழுத்தும், ஒரு மணி நேரத்தை 60 நிமிடங்களாகப் பகுக்க அடிப்படையாக அமைந்த அறுபதின் கணக்கும் உடனே நினைவுக்கு வரும். மண் ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் நான் அவர்களுடைய வாய்க்கால்களைப் பற்றியே எழுத விரும்புகிறேன். மழை மிகக் குறைந்த சமவெளியில் ஆற்றுநீரைத் தொலைதூரம் கொண்டுசென்று நகரங்களுக்குச் சோறிட்டது அவர்களுடைய பெருஞ்சாதனை. அதே வயல்கள் பின்னாளில் உப்பு படிந்த உவர் நிலமாக மாறியதற்கான சான்றுகளையும் அவர்கள் விட்டுச்சென்றிருக்கிறார்கள்.

தொர்கில்ட் யாகோப்சன், ராபர்ட் ஆடம்ஸ் ஆகிய இருவரும் 1958 இல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகக் காட்டியது. அந்த இரு ஆறுகளின் சமவெளியான மெசபடோமியாவின் தென்பகுதியில் கி.மு. 3500 வாக்கில் கோதுமையும் பார்லியும் ஏறத்தாழச் சம அளவில் விளைந்தன. கிர்சு நகரப் பகுதியில் கி.மு. 2500 வாக்கில் கோதுமையின் பங்கு ஆறில் ஒன்றாகக் குறைந்தது, கி.மு. 2100 வாக்கில் அது வெறும் 2 விழுக்காடு. உப்பைத் தாங்குவதில் பார்லி கோதுமையை விஞ்சியது என்பதால், உழவர்கள் பயிரை மாற்றி நிலத்தோடு ஒத்துப்போக முயன்றதன் அடையாளமாகவே இதைப் பார்க்க முடிகிறது. ஆனால் அந்தப் பார்லியும் கி.மு. 2400 வாக்கில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 2,500 லிட்டர் விளைந்த நிலையிலிருந்து, முந்நூறு ஆண்டுகளில் 1,460 லிட்டராகச் சரிந்தது. போர்களும் ஆறு தடம் மாறியதும் இந்தச் சரிவில் பங்கு வகித்திருக்கலாம் என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. உப்பு மட்டுமே ஒரு நாகரிகத்தை வீழ்த்தியது என்று நானும் சொல்ல மாட்டேன். எனினும், கரிய வயல்கள் வெளுத்துச் சமவெளி உப்பை விளைத்தது என்று அந்த மண்ணின் பழங்காவியமான அத்ரஹாசிஸ் வறட்சியை வர்ணிக்கும்போது, அந்த வெண்மையைக் கண்ணால் கண்டவர்களின் சொல்லாகவே அது எனக்குப் படுகிறது.

பாசன நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் உப்பு கரைந்தே இருக்கிறது. பயிர் நீரை உறிஞ்சிக்கொண்டு உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடுகிறது. லிட்டருக்கு 1 கிராம் உப்புள்ள கிணற்று நீரை ஒரு ஏக்கரில், ஒரு பருவம் முழுவதற்குமாக மொத்தம் அரை மீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால், 2 டன் உப்பு வயலுக்குள் வந்துவிடும். வடிகால் இருந்தால் மழையிலோ உபரி நீரிலோ அது கரைந்து வெளியேறும். இல்லாவிட்டால் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து, உப்புநீர் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறி, வெயிலில் ஆவியாகி, வெள்ளைப் படலமாகப் பூக்கும்.

எகிப்தில் நைல் நதி பல நூற்றாண்டுகளாக இந்தத் தொல்லையைத் தானே தீர்த்துவைத்தது. கோடையின் பிற்பகுதியில் வரும் வெள்ளம் பாத்திகளில் வாரக்கணக்கில் தேங்கி, உப்பைக் கரைத்துக்கொண்டு வடிந்த பிறகே அங்கு விதைத்தார்கள். மெசபடோமியாவிலோ கதிர் முற்றும் வசந்தகாலத்தில்தான் வெள்ளம் வந்தது. ஆகவே அதைத் தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. 1970 இல் அஸ்வான் உயர் அணை முடிக்கப்பட்டு ஆண்டு முழுவதும் பாசனம் நடக்கத் தொடங்கியபின் எகிப்திலும் உவர்ப் பிரச்சினை வளர்ந்தது. நிலத்துக்கடியில் வடிகால் குழாய்களைப் பெரிய அளவில் பதிக்க நேர்ந்தது.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும் மண்ணிலும் இதே வரலாற்றின் தொடக்கத்தை அடிக்கடி காண்கிறேன். இலை நுனி கருகுவதைப் பார்த்ததும் உழவர்கள் தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் பாய்ச்சுகிறார்கள், யூரியாவும் இடுகிறார்கள். அந்த நீரே மீண்டும் உப்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது. உப்பின் அளவைக் காட்டும் மண்ணின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசைமனைத் தாண்டினால் உவர் நிலம் என்று கொள்கிறோம். நெல்லின் விளைச்சலோ 3 ஐத் தாண்டியதுமே குறையத் தொடங்கிவிடும். இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும்: ஜிப்சம், மண்ணில் சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கான மருந்து; உவர் நிலத்துக்கு அது தீர்வாகாது. உவருக்கு வடிகால் வெட்டி, நல்ல நீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடிப்பதுதான் வழி. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றக்கூடும் என்பதால், ஆய்வு செய்யாமல் மூட்டை மூட்டையாக ஜிப்சம் வாங்கிக் கொட்டுவது வீண் செலவு.

கோடையில், உப்பு மேலே ஏறியிருக்கும்போதே மண் மாதிரி எடுங்கள். வரப்போரத்தையும் எருக்குவித்த இடத்தையும் தவிர்த்து, 15 செ.மீ. ஆழம் வரை வெட்டி எடுத்த மண்ணை ஒரு பையிலும், அதற்குக் கீழுள்ள மண்ணை வேறொரு பையிலும் போடுங்கள். கிணற்று நீரையும் கூடவே கொண்டுவாருங்கள். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதே நீரால் பாட்டிலைக் கழுவிய பின் நிரப்ப வேண்டும். உங்கள் வயலிலிருந்து வடியும் நீர் எங்கே போகிறது, அந்த வடிகால் இப்போது தூர்ந்து கிடக்கிறதா என்பதையும் நேரில் பார்த்துவிட்டு வாருங்கள்; முடிவைக் கையில் கொடுக்கும்போது நான் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.